விளையாட்டு இயன்முறை மருத்துவம்

விளையாட்டு இயன்முறை மருத்துவம் என்பது விளையாட்டு வீரர்களுக்கு ஏற்படும் காயங்களைத் தடுத்தல், குணப்படுத்துதல், மீண்டும் களமிறங்கத் தயார்செய்தல் ஆகியவை பற்றிய துறையாகும். உடல்வலுப் பயிற்சி இதனோடு தொடர்புடைய, ஆனால் தனியான துறையாகும்.

கல்வி

இயன்முறை மருத்துவராக, மருத்துவமனைப் பயிற்சியுடன் கூடிய இளநிலைப் பட்டம் (பி.பி.டி.) தேவை. பின்னர் 2 ஆண்டு முதுநிலைப் படிப்பில் (எம்.பி.டி.) விளையாட்டைச் சிறப்புப் பிரிவாகப் பயிலலாம். உடல்வலுப் பயிற்றுநர்கள் பெரும்பாலும் உடற்கல்வி அல்லது விளையாட்டு அறிவியலில் பட்டம் பெற்று, தனிச் சான்றிதழும் பெறுகின்றனர். தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உருவாக்கப்பட்டது.

பணிகள்

முழங்கால் பிணைநார் அறுந்து அறுவை செய்துகொண்ட வீரருக்கு, வீக்கத்தைக் குறைத்து மூட்டின் அசைவை மீட்பவர் இயன்முறை மருத்துவர். ஓட்டம், தாவல், வலிமை ஆகியவற்றைப் படிப்படியாக உயர்த்துபவர் பயிற்றுநர். முழுமையாகத் திரும்பப் பொதுவாக 9 மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். வலி நின்றவுடன் விளையாடுவோருக்கு மீண்டும் காயம் ஏற்படும் வாய்ப்பு மிகுதி. 2011 உலகக்கோப்பையை வென்ற இந்தியத் துடுப்பாட்ட அணியின் உடல்வலுப் பயிற்றுநர் சென்னையைச் சேர்ந்த ராம்ஜி சீனிவாசன் ஆவார்.