"அந்த ஹோம் நல்ல ஹோமா சார்?" - பதில் தெரியாமல் நான் சொன்ன பதில்

1/
"சார், அந்த ஹோம்ல நல்லா பாத்துக்குவாங்களா?"

சில வருஷம் முன்னாடி ஓபி-யில் ஒரு அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. கம்பம் பக்கத்து கிராமம். மாமனாருக்கு வாய்ப்புற்றுநோய். காலம் பூரா விடியக்காலை ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர். வாயில் எந்நேரமும் வெத்தலை, புகையிலை. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

2/
ரேடியேஷன் எல்லாம் முடிந்து, "இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கன்னத்தில் ஓட்டை. புண்ணில் புழு. வீடோ ஒரே ரூம், அதில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. வேறு வழியில்லாமல்தான் அந்த இல்லத்தைப் பற்றி விசாரித்தார்.

நான் அங்கே ஒருமுறை மருத்துவ முகாமுக்குப் போயிருக்கிறேன். டைல்ஸ் தரை, துவைத்த விரிப்பு, வாசலில் பூச்செடி, அன்பாகப் பேசும் ஊழியர்கள்.

"நல்ல இடம்மா. தாராளமா சேருங்க" என்றேன்.

3/
மூன்று வாரம் கழித்து அதே அம்மா வந்தார். மாமனார் இறந்துவிட்டார்.

"சோறு, துணிமணி எல்லாம் குறையில்ல சார். ஆனா ராத்திரி பூரா கத்துனாரு. கேட்டா, வலி மாத்திரை குடுத்தாச்சுங்கிறாங்க. கடைசி நாள் என் கையைப் பிடிச்சு, என்னை ஏன் இங்க கொண்டு வந்தேன்னு கேட்டாரு."

கொடுத்த மாத்திரை எது என்று சீட்டை வாங்கிப் பார்த்தேன். பாராசிட்டமால்.

4/
அவர் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வழிகாட்டியவன் நான். அங்கே மார்ஃபின் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

சாகப் போகிறவரை வைத்துப் பார்க்கும் இடம் நல்லதா கெட்டதா என்று எதை வைத்துச் சொல்வது? எம்பிபிஎஸ்ஸில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இந்த இழையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையா வாசிங்க.

5/
கதை லண்டனில் ஆரம்பிக்கிறது. சிசிலி சாண்டர்ஸ், பிறந்தது 1918. முதலில் நர்ஸ். முதுகுவலியால் அந்த வேலையை விட்டு மருத்துவமனை சமூகப் பணியாளர் ஆனார். கடைசி நோயாளிகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்றால் டாக்டராக வேண்டும் என்று தோன்ற, முப்பது வயதுக்கு மேல் மருத்துவம் சேர்ந்து 1957-ல் முடித்தார்.

6/
1958-ல் கிழக்கு லண்டனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஓர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அன்புக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனால் ஒழுங்கான நோயாளிக் குறிப்புகள் இல்லை, மருந்து அட்டவணை இல்லை.

சாண்டர்ஸ் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, வலி வந்து கதறிய பிறகு மருந்து என்பதை மாற்றி, வலி திரும்பும் முன்பே மணி பார்த்து மருந்து. இரண்டு, ஒவ்வொரு நோயாளியிடமும் பேசி, அவர் சொன்னதை எழுதி வைப்பது. ஏழு வருஷத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகள் சேர்ந்தன.

7/
முறையாக மார்ஃபின் கொடுத்தால் நோயாளி அடிமையாகிவிடுவார், அளவு ஏறிக்கொண்டே போகும், மயங்கியே கிடப்பார் என்றெல்லாம் அன்று டாக்டர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குப் பதில் அந்தக் குறிப்புகளில் இருந்தது. நோயாளிகள் தெளிவாகப் பேசினார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

1967-ல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்தான் இன்று உலகம் முழுக்க இருக்கும் ஹாஸ்பிஸ்களுக்கு முன்மாதிரி. சிகிச்சை, ஆராய்ச்சி, பயிற்சி மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ்.

கவனிங்க. அந்தக் கன்னியாஸ்திரிகள் கெட்டவர்கள் இல்லை. நான் பார்த்த இல்லத்தின் ஊழியர்களும் கெட்டவர்கள் இல்லை. இரண்டு இடத்திலும் அன்பு இருந்தது, கணக்கு இல்லை.

8/
தரத்தை எப்படி அளப்பது? 1966-ல் அவெடிஸ் டோனபேடியன் என்ற மருத்துவர் மூன்று அடுக்கு சொன்னார். என்ன இருக்கிறது (கட்டடம், ஆள், மருந்து)? என்ன செய்கிறார்கள்? செய்ததால் நோயாளிக்கு என்ன ஆனது?

நான் அன்று பார்த்தது முதல் அடுக்கை மட்டும். அதிலும் டைல்ஸை மட்டும்.

9/
மூன்றாவது அடுக்கில் ஒரு சிக்கல். கடைசிக் காலம் எப்படிப் போனது என்று இறந்தவரிடம் கேட்க முடியாதே? ஆன் கார்ட்ரைட் என்ற சமூக ஆய்வாளர் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1969-ல் இறந்தவர்களின் குடும்பத்தாரைத் தேடிப்போய்க் கேட்டார். வலி இருந்ததா, தூக்கம் வந்ததா, யார் பார்த்துக்கொண்டார்கள் என்று. 1973-ல் அது புத்தகமாக வந்தது.

இன்று அமெரிக்காவில் ஹாஸ்பிஸில் ஒருவர் இறந்தால், சில மாதத்தில் குடும்பத்துக்குக் கேள்வித்தாள் போகிறது. முடிவுகளை எவரும் இணையத்தில் பார்க்கலாம். 2015 முதல் இந்தக் கேள்வித்தாள் நாடு தழுவிய நடைமுறை.

10/
பெரிய ஆஸ்பத்திரி என்றால் வலி இருக்காது என்று நினைக்காதீங்க. 1995-ல் அமெரிக்காவின் 5 பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு வெளியானது. 9,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள். நினைவோடு இருந்து இறந்தவர்களில் பாதிப்பேர், கடைசி 3 நாளில் பாதி நேரமாவது மிதமான அல்லது கடுமையான வலியில் இருந்ததாகக் குடும்பங்கள் சொன்னார்கள்.

பணம், மெஷின், பெரிய டாக்டர் எல்லாம் இருந்தும்.

11/
இனி நம்ம நாட்டுக்கு வருவோம். 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான படிமுறையை வெளியிட்டது. கடும் வலிக்கு வாய்வழி மார்ஃபின். அதே வருஷம் மும்பையில் சாந்தி அவேத்னா தொடங்கியது. இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ்.

ஆனால் அதற்கு முந்தைய வருஷமே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) வந்துவிட்டது. கடத்தல்காரனைப் பிடிக்க வந்த சட்டம், ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்த மார்ஃபினையும் காலி செய்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதி, நாலைந்து உரிமம், ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதி. "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டுவிட்டன.

12/
1997-ல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ.

இத்தனைக்கும் சட்டப்படி அபின் பயிரிடும் நாடு இது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசே ஆலை நடத்துகிறது. நம் வயலில் விளைந்தது வெளிநாட்டு நோயாளியின் வலிக்கு உதவியது. நம் ஊர்க்காரர் கத்திக்கொண்டு கிடந்தார்.

13/
அந்த அம்மா அன்று இன்னொன்றும் சொன்னார். "எங்க சின்ன மாமா இடுக்கியில தோட்டத்துல இருக்காரு சார். பக்கவாதம் வந்து படுத்தவரு. அவருக்கு பஞ்சாயத்துல இருந்து நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பாக்குறாங்க. மலை ஏறுனா ஒரு நியாயம், இறங்குனா ஒரு நியாயமா?"

குமுளியும் கம்பம்மெட்டும் நமக்கு தினமும் ஏறி இறங்கும் மலைதான். மேலே மட்டும் அப்படி என்ன நடந்தது?

14/
1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார், நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்ன ஓபி-யாக வலி நிவாரண ஆதரவு சிகிச்சையைத் தொடங்கினார்கள். கட்டடம் கட்டிப் படுக்கை போடவில்லை. நோயாளியின் வீட்டுக்குப் போனார்கள். பிறகு மலப்புரம் போன்ற இடங்களில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கடைக்காரர், மாணவர், ஆட்டோ டிரைவர் என்று பலர் தன்னார்வலர் ஆனார்கள். மார்ஃபின் விதிகளைத் தளர்த்த விடாமல் போராடினார்கள். 2008-ல் கேரள அரசு தனிக் கொள்கையே அறிவித்தது. பஞ்சாயத்துகள் உள்ளே வந்தன.

15/
2010-ல் பிரிட்டனின் எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 40 நாடுகளைச் சாவின் தரத்தை வைத்து வரிசைப்படுத்தியது. முதலிடம் பிரிட்டன். 40-வது இடம் இந்தியா. கடைசி. அந்த அறிக்கையே கேரளாவை மட்டும் விதிவிலக்காகக் காட்டியது. 2015-ல் 80 நாடுகளில் நாம் 67.

2014-ல் இரண்டு நல்ல காரியம் நடந்தது. மார்ஃபின் போன்ற அத்தியாவசிய மருந்துகளுக்குப் பல உரிமம் வேண்டாம், அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் என்ற ஒரே வழி போதும் என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. அதே வருஷம் இந்திய நிபுணர்கள் குறைந்தபட்சத் தரப் பட்டியல் ஒன்றை வெளியிட்டார்கள். அதில் கட்டாயம் என்று வைத்தவற்றில் ஒன்று, தடையில்லாத வாய்வழி மார்ஃபின்.

16/
2018 பிப்ரவரி. காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் இருந்த ஒரு கருணை இல்லத்தின் வண்டியில் சடலம், காய்கறி மூட்டை, கூடவே உயிரோடு ஒரு மூதாட்டி. ஊரே கொதித்தது. அதிகாரிகள் ஆய்வுக்குப் போனார்கள். தங்கியிருந்தவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்றினார்கள்.

வாட்ஸ்அப் பூரா எலும்புக் கடத்தல் கதை. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இறந்தவர்களின் எலும்பைப் பற்றி மாதக்கணக்கில் பேசினோம். உள்ளே உயிரோடு கிடந்தவர்களுக்கு வலி இருந்ததா, மருந்து இருந்ததா என்று எத்தனை பேர் கேட்டோம்?

17/
2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும், வலி நிவாரண ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வரும் திட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டு வாசலுக்கு அரசு நர்ஸ் வருவது நிஜமாகவே பெரிய மாற்றம்.

அரசு ஊழியனாக இருந்துகொண்டே சொல்கிறேன். எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதோடு, எத்தனை பேருக்கு வலி குறைந்தது என்ற கணக்கும் வேண்டும். லண்டனில் அன்று எழுதி வைத்த கணக்கும் அதுதான்.

18/
சரி, உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஓர் இடம் தேட வேண்டி வந்தால்? டைல்ஸைப் பார்க்காதீங்க. இவற்றைக் கேளுங்க:

அ) வலி எவ்வளவு என்று நோயாளியிடம் தினமும் கேட்டு எழுதுகிறார்களா? அந்தச் சார்ட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆ) வாய்வழி மார்ஃபின் இருக்கிறதா? இங்கே இல்லையென்றால் எங்கிருந்து வாங்கித் தருவார்கள்? மணி பார்த்துக் கொடுக்கிறார்களா, கத்தினால் கொடுக்கிறார்களா?

இ) மார்ஃபினோடு மலச்சிக்கலுக்கும் மருந்து தருகிறார்களா? சின்ன விஷயம்தான். ஆனால் பயிற்சி பெற்றவர்கள் இதை மறக்க மாட்டார்கள்.

19/
ஈ) ராத்திரி 2 மணிக்கு வலி வந்தால் யார் வருவார்? டாக்டர் வாரத்தில் எத்தனை நாள்?

உ) படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? நாற்றமடிக்கும் புண்ணுக்கு என்ன போடுகிறார்கள்? (மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் போட்டாலே நாற்றம் வெகுவாகக் குறையும். விலை சில ரூபாய்.)

ஊ) குடும்பம் எந்நேரமும் வந்து பார்க்கலாமா? நோயாளி வீட்டுக்குப் போக ஆசைப்பட்டால் அனுப்புவார்களா?

எ) அரசு அனுமதி நடப்பில் இருக்கிறதா? இறப்புகள் முறையாகப் பதிவாகின்றனவா?

ஏ) கடைசியாக, அங்கே இறந்த ஒருவரின் குடும்பத்திடம் பேசுங்கள். கார்ட்ரைட் செய்தது இதைத்தான்.

20/
எல்லாவற்றுக்கும் "ஆமாம்" வரும் இடம் நம் பள்ளத்தாக்கில் சுலபமாகக் கிடைக்காது. தெரியும். ஆனால் பத்துக் குடும்பம் "மார்ஃபின் இருக்கா?" என்று கேட்டால், பதினோராவது குடும்பம் வருவதற்குள் அந்த இல்லம் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கும். பாதி இல்லங்களுக்கு மனசில்லாமல் இல்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்றும் இல்லை. முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆதரவு சிகிச்சை நர்ஸ் யார் என்று கேளுங்கள். வழி தெரியவில்லை என்றால் 104.

21/
அந்த இல்லத்துக்கு நான் மறுபடி போனேன். குற்றம் சொல்ல இல்லை. நடந்ததைச் சொன்னேன். பொறுப்பாளர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அது போதை மருந்துன்னு பயந்துட்டோம் சார். எங்களுக்கு யாரும் சொல்லித் தரல" என்றார்.

எனக்கும்தான் யாரும் சொல்லித் தரவில்லை என்றேன். இப்போது அங்கே ஒவ்வொரு கட்டிலிலும் வலி சார்ட் தொங்குகிறது. தினமும் கேட்டு எழுதுகிறார்கள். மருந்துக்கான அங்கீகாரம் இன்னும் வரவில்லை. அதுவரை கடும் வலி என்றால் எனக்கு போன் வரும், மார்ஃபின் இருக்கும் மருத்துவமனைக்கு அனுப்புகிறோம்.

22/
அந்தப் பெரியவருக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருடைய மருமகள் இன்னமும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் என் ஓபி-க்குத்தான் வருகிறார். அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் தப்பு என்று அவரிடமே ஒப்புக்கொண்டுவிட்டேன். உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

யாருக்காவது உதவும் என்றால் பகிருங்கள்.


அரசு மருத்துவர், தேனி மாவட்டம்