அச்சம் கற்கப்படுமாறு: நடத்தைவாத ஆய்வின் வரலாறு குறித்து

அச்சநோய் பற்றிய நடத்தைவாத விளக்கத்தின் வரலாற்றை 1920ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. வாற்சனும் றொசலி றெயினரும், 'அல்பேர்ட்' எனத் தாம் குறிப்பிட்ட குழந்தையிடம் நடத்திய பரிசோதனையை அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். மனிதரின் அச்சங்களுட் பெரும்பாலானவை பிறவியில் வந்தனவல்ல, கற்கப்பட்டனவே என்பது அவர்களது கோட்பாடு. பரம்பரையே மனிதனின் விதி என்னும் இனமேம்பாட்டு வாதம் அந்நாட்டிற் செல்வாக்குடன் விளங்கிய காலத்தில் இஃது ஒரு முற்போக்கான கருத்தென்பதில் ஐயமில்லை.

ஆயின் அக்குழந்தை யார்? நோயுற்ற சிறாருக்கான இல்லமொன்றிற் பிறர் குழந்தைகளுக்குப் பாலூட்டி ஊதியம் பெற்ற ஒரு பெண்ணின் மகன். ஒன்பது மாத அளவில் வெள்ளெலி, முயல், நாய் எதற்கும் அவன் அஞ்சவில்லை. பதினொரு மாதமானபோது, எலி அவன்முன் விடப்பட்டதும் தலைக்குப் பின்னால் உருக்குக் கம்பியொன்று சுத்தியலால் ஓங்கி அடிக்கப்பட்டது. ஒரு வார இடைவெளியிட்டு, மொத்தம் ஏழு தடவைகள். அதன்பின் எலியைத் தனியே கண்டபோதும் அழுதவாறு தவழ்ந்து விலகினான். ஐந்து நாட்களின் பின் முயலும் மயிர்த்தோல் மேலங்கியும் அவனைக் கலங்கச் செய்தன. இவ்வச்சத்தை நீக்குமுன்னரே குழந்தை அங்கிருந்து கொண்டு செல்லப்பட்டது. எனினும், இருபதாண்டுகளின் பின் இவனது அச்சத்துக்கு உளப்பகுப்பாய்வாளர் என்ன பொருள் கற்பிப்பரோ என ஃபிராய்டியரை எள்ளி நகையாட அக்கட்டுரையில் இடமிருந்தது!

ஒரே குழந்தையை மட்டும் கொண்ட இச்சோதனை பாடநூல்களிற் பலவாறு திரித்துக் கூறப்பட்டமையை 1979இல் பென் ஹரிஸ் எடுத்துக்காட்டினார். வாற்சனோ 1920இலேயே பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கி, விளம்பரத் தொழிலிற் புகுந்தார். அச்சத்தை நீக்கும் பணி மேரி கவர் ஜோன்சுக்கு வாய்த்தது. முயலுக்கு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவன் விரும்பிய உணவை உண்கையில், முயலைச் சிறிது சிறிதாக அருகிற் கொணர்ந்து அவ்வச்சத்தை அவர் போக்கினார். 1924இல் வெளியான இவ்வாய்வு நெடுங்காலம் உரிய கவனத்தைப் பெறவில்லை.

கற்றலைக் காட்டிலும் நிலைத்தலே கடினமான வினா. பவ்லோவின் விதிப்படி, ஓசையின்றி எலி மட்டும் பன்முறை தோன்றின் அச்சம் அழிதல் வேண்டும். நோயாளியின் அச்சமோ ஆண்டுக்கணக்கில் அழிவதில்லை. மௌரர் 1947இல் தந்த இரு காரணிக் கோட்பாடு இதனை விளக்கிற்று. நாய்க்கு அஞ்சுபவர் நாயுள்ள தெருவைத் தவிர்த்து வேறு வழியாகச் செல்கிறார். உடனே மனம் ஆறுகிறது. அவ்வாறுதலே தவிர்த்தலுக்குப் பரிசாகி அதனை வலுப்படுத்துகிறது. நாய் கடியாது என்பதை அறியும் வாய்ப்பும் அத்துடன் ஒழிகிறது. மின்னதிர்ச்சிக்குத் தப்பித் தடுப்பைத் தாண்டப் பழகிய நாய்கள், அதிர்ச்சி நிறுத்தப்பட்ட பின்னரும் நூற்றுக்கணக்கான முறை தாண்டிக்கொண்டேயிருந்ததை 1950களிற் சொலமனும் வைனும் கண்டனர். தவிர்த்தலை உடைப்பதே சிகிச்சை என்னும் கொள்கைக்கு இவ்விளக்கம் வலுவளித்தது. 1958இல் ஜோசப் வொல்ப் வகுத்த படிமுறைச் சிகிச்சை ஜோன்சின் முறையை ஒத்ததாகும்.

ஆயினும் நிபந்தனைப்பாடு யாவற்றையும் விளக்கிவிடவில்லை. மின்செருகியும் சுத்தியலும் நம்மைத் தாக்கியிருக்க, பாம்பையும் உயரத்தையுமே பலர் அஞ்சுவதேன் என்பதற்கு, பரிணாம வழிவந்த ஆயத்தநிலையை 1971இல் செலிக்மன் காரணங் காட்டினார். பிறர் அஞ்சுவதைக் காண்பதாலும், பிறர் கூறக் கேட்பதாலும் அச்சம் பிறக்கலாமென 1977இல் றக்மன் வாதிட்டார். தன்னைப் பாம்பு ஒருபோதும் தீண்டியிராத ஒருவர் அதன் பெயரைக் கேட்டே நடுங்குவதற்கு, உருக்குக் கம்பியின் ஓசையை மட்டும் நம்பியோரிடம் விடை இருக்கவில்லை.