மேலவை வழியே வந்த முதலமைச்சர்

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிட்டியவை 152. எதிரணியினர் பிரகாசத்தின் தலைமையில் திரண்டனர். ஆளுநர் ஸ்ரீபிரகாசாவோ இராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சியமைக்க அழைத்தார். அந்நியமனத்தை எதிர்த்துப் பொதுவுடைமைத் தலைவர் பி. இராமமூர்த்தி உயர்நீதிமன்றம் சென்றார்; மனு தள்ளுபடியாயிற்று. சட்டம் இடங்கொடுத்தது; குடியாட்சி மரபு இடங்கொடுத்ததாக எமக்குத் தோன்றவில்லை.

எனினும், பெரும்பான்மையற்றவர் அஞ்சி அஞ்சி ஆள்வார் என்ற கணக்கு பொய்த்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார். ரேஷன் கடை வாசலில் பையும் கையுமாகக் காத்துநின்ற தாய்மார்க்கு அதன் அருமை தெரியும். பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது.

1953இல் காட்டிய அதே துணிவே அவரை வீழ்த்தியது. சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளியில் மூன்று மணி நேரம் பயின்று, எஞ்சிய பொழுதில் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்றார். கல்விக்கூடங்கள் போதாமையே காரணம் என்பது அவர் வாதம். தலைமுறைகளாக எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் செவியில் அது வேறாக ஒலித்தது. 'குலக்கல்வி' என்ற பெயர் நிலைத்தது. பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் மட்டுமல்லர், சொந்தக் கட்சியினரே எதிர்த்தனர். 1954இல் இராஜாஜி விலகினார். அடுத்து வந்த காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

கட்டுப்பாடுகளோடு இராஜாஜிக்கிருந்த பகை மட்டும் ஓயவில்லை. 1959இல், எண்பதாம் வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, தாம் 'பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம்' என்றழைத்த ஆட்சிமுறையை எதிர்த்து மீண்டும் களமிறங்கினார்.