உடல்மோதலும் மத்தியஸ்தர் தீர்ப்பும்

கண்டி மாநகரிலும் அதனை அடுத்து மகாவலிக் கரையில் அமைந்த கட்டுகஸ்தோட்டையிலும் றக்பி ஆட்டம் கல்லூரி வாழ்வோடு பிணைந்த ஒன்று. 1891ஆம் ஆண்டிற் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் அவர்களே இலங்கைப் பாடசாலைகளில் இதனைத் தொடக்கிவைத்தவர். 1906இற் கிங்ஸ்வூட்டும் திரினிற்றியும் கண்டியில் ஆடியதே இந்நாட்டுப் பாடசாலைகளுக்கிடையே நிகழ்ந்த முதலாவது றக்பிப் போட்டி. அது வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியும் இவ்வாட்டத்திற் பெயர்பெற்றது. எதிரியைப் பற்றி வீழ்த்துதல் விதிக்கு அமைந்ததாகவுள்ள ஓர் ஆட்டத்தில், எந்த மோதல் குற்றம் என்பதை எவ்வாறு துணிவது? மத்தியஸ்தரின் வரலாறு இவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றது.

1863ஆம் ஆண்டு இலண்டனிற் கூடிய கழகங்கள் உதைபந்தாட்டத்துக்குப் பொதுவிதி வகுக்க முயன்றன. முதல் வரைவு, பந்தைக் கையிலேந்தி ஓடுவதையும், ஓடுவானைக் காலில் உதைத்துத் தடுப்பதையும் அனுமதித்தது. பின்னர் இவ்விரண்டும் நீக்கப்படவே, பிளாக்ஹீத் கழகம் பிரிந்து சென்றது. எனினும், 1871இற் றக்பி ஒன்றியம் அமைந்தபொழுது அதுவும் காலில் உதைத்தலை விலக்கிற்று. ஆகவே, வன்மைக்கு வரம்பு வேண்டும் என்பதில் இரு ஆட்டங்களும் ஒன்றுபட்டன. வரம்பு எங்கே என்பதில் மாத்திரமே வேறுபட்டன.

1863ஆம் ஆண்டு விதிகளில் மத்தியஸ்தர் என ஒருவர் இல்லை. பின்னர்ப் பக்கத்துக்கு ஒருவராக இரு நடுவர் வந்தனர். ஆட்டக்காரர் முறையிட்டாலன்றி அவர் தீர்ப்புக் கூறார். அவ்விருவரும் மாறுபடுமிடத்து, வெளியே நின்ற மூன்றாமவரின் கருத்து வினவப்பட்டது. கிங்ஸ்வூட் தோன்றிய அதே 1891ஆம் ஆண்டில், உதைபந்தாட்ட மத்தியஸ்தர் மைதானத்தினுள் அழைக்கப்பட்டார். தண்டனை உதையும் அவ்வாண்டே விதியாயிற்று. கனவான்கள் வேண்டுமென்றே குற்றம் இழைப்பர் எனக் கருதுவதே இழுக்கு என்று சிலர் அதனை எதிர்த்தனர். ஆயினும், கண்ணியத்தை நம்பிய ஆட்டம் சாட்சியை நம்பும் ஆட்டமாக மாறிற்று.

இம்மாற்றம் வேறொரு சிக்கலைத் தோற்றுவித்தது. நெடுங்காலம் உதைபந்தாட்ட விதி, ஒருவன் வேண்டுமென்றே இடறினானா, தள்ளினானா என வினவிற்று. பிறர் உள்ளத்தைக் கணப்பொழுதில் அறிதல் யார்க்கும் அரிது. 1990களில் விதி திருத்தப்பட்டு, எண்ணத்தினிடத்தைச் செயலின் தன்மை பெற்றது. கவனமின்மை, பொறுப்பின்மை, மிகைவலி என்பனவே இன்று நோக்கப்படுகின்றன. றக்பியிலும், 2019இல் வெளியான உயர்பற்றுதல் பற்றிய நெறிமுறை, தலையில் மோதல் நேர்ந்ததா, அதன் ஆபத்து எத்துணை, தணிக்கத்தக்க காரணம் உண்டா எனப் படிப்படியாக ஆராயுமாறு பணித்தது. தீய எண்ணம் இன்மை மட்டும் ஒருவனைக் காவாது. அடிபட்டவன் கழுத்துக்கு அடித்தவன் எண்ணம் ஆறுதலாகாது.

ஒளிப்படக் கருவியின் துணை வந்தபின்னும் வேலை முடிந்துவிடவில்லை. மோதல் நிகழ்ந்ததைக் கருவி காட்டும். அது மிகையா அன்றா என்பதை மனிதரே துணிதல் வேண்டும். ஆதலின், மத்தியஸ்தர் தீர்ப்பைக் குறைகூற முற்படும் மாணவர், விதி அவரிடம் கேட்கும் வினா யாது என்பதை முதற்கண் அறிதல் நன்று. பத்துப் பதினைந்து இளைஞர் தம் உடலை அஞ்சாது மோதலுக்கு ஒப்புவிப்பது, ஒருவர் அதன் எல்லையைக் காத்து நிற்கின்றார் என்ற நம்பிக்கையினாலன்றோ?