மேசை நடுவே நின்ற அட்டை: பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகச ஏடுகளின் முகப்போவியம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கான சாகசங்களை 1978இல் தனித்தனி ஏடுகளாக வெளியிடத் தொடங்கியது. அவற்றின் தொடக்ககால முகப்புகள் கைதேறாதவர்களின் வேலை என்றும், 1980களின் தொடக்கத்தில் லாரி எல்மோர், கிளைட் கால்டுவெல் போன்றோர் வந்த பிறகே ஓவியம் பிறந்தது என்றும் ஓர் எண்ணம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அந்த முகப்புகளைச் சுவரில் மாட்டி மதிப்பிடுவதால் வரும் பிழை அது.

அவை நின்ற இடம் சுவரன்று, மேசை. அந்த ஏடுகளின் அட்டை உள்தாள்களோடு சேர்த்துப் பிணைக்கப்படவில்லை; தனியே கழன்று வரும். உட்புறத்தில் வெளிர்நீலத்தில் நிலவறையின் வரைபடம் அச்சாகியிருக்கும். ஆட்டத்தை நடத்துபவர் அட்டையை விரித்துத் தம் முன்னே நிறுத்திக்கொள்வார். வரைபடம் அவருக்கு, ஓவியம் எதிரே இருப்பவர்களுக்கு. முக்கியமாகப் பேச்சால் நடக்கும் ஆட்டத்தில், மணிக்கணக்காக ஆடுவோர் கண்முன் நின்ற படம் பெரும்பாலும் அது ஒன்றுதான். அரக்கர்களை எதிர்க்கும் மூன்று சாகசங்களை 1981இல் ஒன்றாகத் தொகுத்த ஏட்டுக்கு பில் வில்லிங்ஹாம் வரைந்த முகப்பில் காமிக்ஸ் பாணியின் அழுத்தமான கோடுகளைக் காண்கிறோம். மேசையின் மறுகோடியிலிருந்தும் தெளிவாகத் தெரியவேண்டிய படத்துக்கு அதுவே பொருத்தம்.

ஆடுவோரைப் படத்துக்குள் அழைக்கும் இந்த அழகியலை முழுமையாகக் காட்டுவது ஒரு விதிநூலின் அட்டை: 1978இல் டேவ் டிராம்பியர் வரைந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக். பெரிய பேய்ச்சிலை ஒன்று. அதன் தலைமேல் ஏறிய இருவர் கண்ணிலுள்ள மணிக்கல்லை நெம்புகிறார்கள். கீழே ஒருவன் வாளைத் துடைக்கிறான். சிலர் வரைபடத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். பல்லிமனிதர்களின் பிணங்கள் கிடக்கின்றன. சண்டை முடிந்துவிட்டது, கல்லைப் பெயர்த்தால் என்ன நடக்கும் என்பது இன்னும் தெரியாது. இவர்களில் எவரும் நாயகர் அல்லர். ஆகவே பார்ப்பவர் எவருடைய இடத்திலும் தம்மை வைத்துக்கொள்ளலாம்.

தொடக்க விதிகள் அடங்கியதாக 1983இல் வந்த சிவப்புப் பெட்டியில் எல்மோர் தீட்டிய டிராகனும் தனிவீரனும் மிகத் தேர்ந்த ஓவியம். ஆனால் அங்கே வீரன் ஏற்கெனவே இருக்கிறான். 1984இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசங்கள் பெயரும் வரலாறும் கொண்ட பாத்திரங்களை முன்கூட்டியே ஆடுவோர் கையில் தந்தன. முகப்புகளும் அந்தப் பாத்திரங்களின் முகங்களையே காட்டின. ரேவன்லாஃப்ட் என்ற கோட்டையில் நடக்கும் அதே பெயருடைய சாகச ஏடு (1983) விதிவிலக்கு. கால்டுவெல் அதில் வரைந்த ஸ்ட்ராட் அக்கோட்டையின் தலைவன். ஆடுவோரின் இடத்தை அவன் பறிக்கவில்லை.

படத்தின் வேலை என்ன என்பதை, இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். அவருடைய டூம் ஆஃப் ஹாரர்ஸ் (1978) ஏட்டில், ஆடுவோருக்குக் காட்டுவதற்கென்றே தனிப் படப்புத்தகம் உண்டு. அதில் ஒரு பேய்முகம்: கல்லில் செதுக்கியது, அகலத் திறந்த வாய், உள்ளே வெறும் கருமை. நடத்துநர் அதைத் தூக்கிக் காட்டிவிட்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்.