மலிவும் மட்டமும்: இரு பேனாக்களின் வரலாறு

மலிவு என்ற சொல்லையும் மட்டம் என்ற சொல்லையும் நாம் பேச்சு வழக்கில் ஒன்றுபோலவே ஆளுகிறோம். ஆனால், இரண்டும் ஒன்றல்ல. முன்னது நாம் கொடுக்கும் காசைப் பற்றியது. பின்னது நாம் பெறும் பொருளைப் பற்றியது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை அளந்தறிய, ஒரே நிறுவனத்தில் பிறந்த இரண்டு பேனாக்களின் வரலாறு நமக்குத் துணை செய்யும். மூத்தது பார்க்கர் 51. இளையது பார்க்கர் 21.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஜேன்ஸ்வில் நகரில் 1888ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது பார்க்கர் நிறுவனம். அதன் ஐம்பத்தோராம் ஆண்டான 1939இல் உருப்பெற்றதால், மூத்த பேனாவுக்கு அந்த எண்ணே பெயராயிற்று. 1941இல் அது அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 12.50 டாலர். அக்காலத்தில் இது சிறு தொகையன்று.

இவ்வளவு விலை ஏன்? எழுதிய மாத்திரத்தில் காயும் ஒரு மையை அந்நிறுவனம் உருவாக்கியிருந்தது. காரத்தன்மை மிகுந்த அந்த மை, அந்நாளையப் பேனாக்களின் செல்லுலாயிட் உடலையே அரித்துவிடும். எனவே, விமானங்களின் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பயன்பட்ட லூசைட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கால் பேனாவின் உடலைச் செய்தார்கள். முனையில் மை உலராதிருக்க, 14 காரட் தங்க நிப்பை நுனி மட்டும் தெரியுமாறு ஒரு கூட்டுக்குள் மறைத்தார்கள். சூட்டினால் உள்ளிருக்கும் காற்று விரியும்போது மை வெளியே கசியாமல் தாங்கிக்கொள்ள, சீப்பின் பற்கள் போன்ற மெல்லிய தகடுகள் கொண்ட ஓர் உறுப்பையும் உள்ளே பொருத்தினார்கள்.

1948இல் இளையது பிறந்தது. விலை 5 டாலர். தோற்றத்தில் அண்ணனை அப்படியே ஒத்திருந்தது. அதே மறைந்த நிப்பு. அதே பளபளக்கும் உலோக மூடி. ஆயின், பாதிக்கும் குறைவான விலையில் கொடுப்பதற்கு எதைக் குறைத்தார்கள்?

முதலாவது நிப்பு. தங்கம் போய், எட்டு உலோகங்கள் கலந்த ஆக்டேனியம் என்னும் கலவை வந்தது. தங்க நிப்பின் சிறப்புகளுள் ஒன்று அதன் நெகிழ்ச்சி. பார்க்கர் 51இன் நிப்போ தங்கமாயினும் விறைப்பானது. ஆதலால் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பவருக்கு, நாம் அறிந்தவரை, பெரிய வேறுபாடு தென்படுவதில்லை. இங்கே குறைந்தது விலை, எழுத்து அன்று.

இரண்டாவது உடல். லூசைட்டுக்குப் பதிலாக பாலிஸ்டைரீன் வந்தது. வாங்கிய அன்று கண்ணுக்கும் கைக்கும் இரண்டும் ஒன்றே. ஆனால் பாலிஸ்டைரீன் எளிதில் நொறுங்கும் இயல்புடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல, நிப்பை மூடிய கூட்டில் மயிரிழை போன்ற விரிசல் விழும். மை கசிந்து விரலைக் கறையாக்கும். இன்றும் பழைய 51 ஒன்றைக் கண்டெடுத்துக் கழுவினால் பெரும்பாலும் எழுதத் தொடங்கிவிடுகிறது. பழைய 21ஐக் கையிலெடுப்பவரோ முதலில் விரிசலைத்தான் தேடுகிறார்.

இதற்குச் சான்று கூற மூன்றாவது பேனா ஒன்றும் உண்டு. 1950இல் வந்த ‘51 ஸ்பெஷல்’, லூசைட் உடலும் ஆக்டேனியம் நிப்பும் கொண்டது. தங்கத்தை விட்டுவிட்டு உடலைக் காத்த அப்பேனா நன்றாகவே உழைத்தது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை.

நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் குடியிருந்த சீனத்து ஹீரோ பேனாவும் இவ்வழி வந்ததே. அதிலும் தங்க நிப்புக் கொண்ட ஹீரோ 100 ஒன்று. எளிய விலையில் கிடைத்த ஹீரோ 616 மற்றொன்று. நம்மில் பலர் அறிந்தது பின்னதைத்தான்.

பார்க்கர் 21ஐ நாம் பழிக்கவில்லை. 12 டாலர் கொடுக்க இயலாத மாணவன் கையில் அது நல்லதோர் எழுதுகோலை வைத்தது. அது சிறிய உதவியன்று. நம் வருத்தம் வேறு. பணமுள்ளவர் தங்கத்துக்குக் கொடுத்தார். அது அவருக்குத் தெரியும். பணமில்லாதவர் பேனாவின் ஆயுளில் ஒரு பகுதியை இழந்தார். அது அவருக்குத் தெரியாது. மின்னாததில் குறைத்திருந்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதே வாணிபத்தின் கணக்கு. பிள்ளைகளுக்கு ஒரு பொருளை வாங்கும்போது நாம் கேட்க வேண்டியது, ‘இதன் விலை எவ்வளவு?’ என்பதோடு, ‘இந்த விலைக்காக எதைக் குறைத்தார்கள்?’ என்பதும் ஆகும்.