கொதிநிலை அறியும் சோதனை

ஒரு திரவத்தின் ஆவியமுக்கம், அதன்மேல் அழுத்தும் வெளி அமுக்கத்துக்குச் சமமாகும் வெப்பநிலையே அதன் கொதிநிலை. இனந்தெரியாத திரவமொன்று ஆய்வுகூடத்துக்கு வந்தால், அது என்ன, எவ்வளவு தூய்மையானது என்று அறிய முதலில் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று. பெறும் எண்ணுக்குப் பக்கத்தில் அமுக்கத்தையும் எழுதவேண்டும். அமுக்கம் குறிக்காத கொதிநிலை அரைகுறைத் தகவல்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையை அண்டிய தாழ்நிலத்தில் இருக்கும் முள்ளியவளையில் தண்ணீர் ஏறக்குறைய 100 பாகை செல்சியசில் கொதிக்கும். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஒரே ஊரிலும் எண் அசையும். வங்கக் கடலில் தாழமுக்கம் உருவாகும் மாரிநாளில் பாரமானியின் இரசம் 10 மில்லிமீற்றர் இறங்கினால், தண்ணீரின் கொதிநிலையும் சுமார் 0.37 பாகை இறங்கும்.

கையில் சில துளிகளே இருக்கும்போது உதவுவது 1886இல் சிவோலொபொவ் வெளியிட்ட முறை. ஒரு சிறிய கண்ணாடிக் குழாயில் திரவத்தை விட்டு, ஒருமுனை உருக்கி மூடிய மயிர்த்துளைக் குழாயைத் திறந்த முனை கீழே இருக்கும்படி அதனுள் நிறுத்துவர். இந்தச் சிறு குழாயை வெப்பமானியின் குமிழோடு சேர்த்துக் கட்டி, திரவப் பரவின் உள்ள தொட்டியில் மெல்லச் சூடாக்குவர். அசற்றோன் (56 பாகை), எதனோல் (78.3 பாகை) போன்றவற்றுக்கு வெந்நீர்த் தொட்டியே போதும். அவை எளிதில் தீப்பற்றுவதால் பக்கத்தில் சுடர் இருக்கக் கூடாது.

முதலில் மயிர்த்துளைக் குழாயிலிருந்த காற்று ஒவ்வொரு குமிழியாக வெளியேறும். பிறகு ஆவிக் குமிழிகள் இடைவிடாமல் தொடராக வரும். இங்கே அவசரப்பட்டு வெப்பமானியை வாசித்துவிடக் கூடாது. திரவம் அப்போது கொதிநிலையைச் சற்றுத் தாண்டியிருக்கும். வெப்பத்தை நிறுத்தி ஆறவிட்டால் குமிழிகள் தளர்ந்து ஓய்ந்து, திரவம் குழாய்க்குள் ஏறத் தொடங்கும். அந்தக் கணத்தில் உள்ளிருக்கும் ஆவியின் அமுக்கமும் வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கமும் சமம். அப்போது வாசிக்கும் வெப்பநிலையே விடை. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், கொதிநிலையின் வரைவிலக்கணத்தையே கண்முன் நிகழ்த்திக் காட்டும் இந்த முறை பாடசாலை ஆய்வுகூடத்துக்கு மிகவும் ஏற்றது.

மாறாத கொதிநிலை தூய்மைக்கு முழுச் சான்று ஆகாது. நிறைப்படி 95.6 சதவீதம் எதனோலும் மீதி தண்ணீரும் கொண்ட கலவை 78.2 பாகையில் ஒரே சீராகக் கொதிக்கும். தூய எதனோலிலிருந்து அதைச் சாதாரண வெப்பமானியால் பிரித்தறிவது கடினம். கள்ளை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் சாதாரண அமுக்கத்தில் மதுசாரம் அந்த எல்லையைத் தாண்டாததும் இதனால்தான்.

எரிபொருட்கள் பல ஐதரோகாபன்களின் கலவைகள் என்பதால் அவற்றுக்கு ஒற்றைக் கொதிநிலை இல்லை. கொதிநிலை வீச்சே உண்டு. பெற்றோலின் வீச்சு ஏறக்குறைய 30 முதல் 200 பாகை வரை. மண்ணெண்ணெயினது 150 முதல் 300 வரை. இந்த வேறுபாட்டை 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மக்கள் அன்றாட வாழ்வில் கையாண்டார்கள். பெற்றோல் கிடைக்காத நிலையில் மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலால் இயக்கி, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாகாது, சூடேறினால் ஆவியாகும். புகையும் கரியும் கூடுதலாக வந்தன. ஆனாலும் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அந்த வண்டிகளே பலருக்குக் கைகொடுத்தன.

எரிபொருள் ஆய்வுகூடத்தில் இந்த வீச்சை அளக்க 100 மில்லிலீற்றர் மாதிரியைக் குடுவையிலிட்டுக் காய்ச்சி வடிக்கிறார்கள். முதல் துளி விழும் வெப்பநிலை, பிறகு 10, 50, 90 சதவீதம் வடிந்தபோதைய வெப்பநிலைகள், இறுதி வெப்பநிலை ஆகியன பதிவாகும். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் தொடக்க எண்கள் பெரிதாக மாறாமல் இருக்கலாம். கலப்படம் வெளிப்படுவது பெரும்பாலும் 90 சதவீதத்துக்கும் இறுதிக்கும் உரிய எண்கள் உயர்வதில்தான்.